கையெழுத்தில்லாத தலையங்கத்துக்கு யார் பெயர் போடுவது?

முனைவர் பட்ட மாணவி:
1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் தலையங்கங்களை வைத்து ஓர் இயல் எழுதுகிறேன். நான் எடுத்தவற்றில் எழுதியவர் பெயரே இல்லை. துணைநூற்பட்டியலில் ‘அநாமதேயர்’ என்று போட்டேன். நெறியாளர் அதை அடித்துவிட்டு, “பாரதி எழுதியதுன்னு ஊருக்கே தெரியும், பாரதின்னு போடும்மா” என்கிறார். எனக்குக் கை வரவில்லை. நான் பின்பற்றுவது எம்.எல்.ஏ. (Modern Language Association) மேற்கோள் முறை. என்ன செய்வது?

நூலக ஊழியர்:
இரண்டும் வேண்டாம். பெயர் இல்லையென்றால் தலைப்பிலிருந்தே தொடங்குங்கள். அப்புறம் இதழின் பெயர், தேதி, பக்கம். மேற்கோளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் தலைப்பின் முதல் ஓரிரு சொற்களும் பக்க எண்ணும் போதும். நாமாக ‘அநாமதேயர்’ என்று போடக்கூடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான் அம்மா. ஆய்வேடு முழுக்கப் பாரதி, பாரதி என்று போட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: “இதழிலா பார்த்தீர்கள், தொகுப்பிலா?” தொகுப்பில்தான். எழுத்து நடையை வைத்து ‘இது பாரதியுடையது’ என்று தொகுத்தவர் முடிவு செய்ததை நான் சான்றாக்கியிருந்தேன். வேர்த்துவிட்டது.

சட்டப்படி அந்த இதழின் ஆசிரியர் எம். சீனிவாசன். 1908இல் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனவரும் அவரே, பாரதி அல்ல. அப்படியிருக்க ‘ஆசிரியர்’ என்ற கட்டத்தில் யாரைப் போடுவீர்கள்? ஷெல்லிதாசன், காளிதாசன் என்று பாரதியின் புனைபெயர் இருந்தாலாவது பிடி கிடைக்கும். வெறும் தலையங்கத்தில் அதுவும் இல்லை.

பாரதி என்று நீங்களே நம்பினால் காரணத்தைக் கட்டுரைக்குள் ஒரு பத்தியில் எழுதுங்கள். பட்டியலில் நுழைக்காதீர்கள். சிகாகோ என்ற இன்னொரு மேற்கோள் முறையில் ஊகித்த பெயரைச் சதுர அடைப்பில் கேள்விக்குறியோடு போட இடமுண்டு.

நமக்கு இது புதிதா என்ன! குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாமல், பாட்டிலிருந்த ‘செம்புலப் பெயல்நீர்’ உவமையையே எடுத்துச் செம்புலப் பெயல்நீரார் என்றார்கள். தலைப்பை முன்னால் வைப்பதும் அதே வேலைதான்.

முனைவர் பட்ட மாணவி:
நன்றி ஐயா. நானும் பாதியைத் தொகுப்பிலிருந்துதான் எடுத்தேன், இப்போதுதான் உறைக்கிறது. சிலவற்றுக்குத் தலைப்பே இல்லையே?

நூலக ஊழியர்:
‘தலைப்பில்லாத தலையங்கம்’ என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதுங்கள். தொகுப்பில் பார்த்ததற்குத் தொகுப்பின் பெயரும் பக்கமும் சேரவேண்டும்.

முனைவர் பட்ட மாணவி:
சரி. திங்கட்கிழமை நெறியாளரிடம் சீனிவாசன் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.