புதிதாக வந்த ரஷ்ய நிலத்தாமை தீனி எடுக்கவில்லை, தொட்டியின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு ரஷ்ய நிலத்தாமை வந்து சில நாட்களே ஆகின்றன. மேல் ஓட்டின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கும், வயது தெரியாது என்று கொடுத்தவர் கூறிவிட்டார். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியில் மரத்தூள் பரப்பி, ஓர் ஓரத்தில் சூடேற்றும் விளக்கையும், தொட்டியை மூடும் கண்ணாடிப் பலகையின் மேல் புற ஊதா விளக்கையும் வைத்திருக்கிறோம். வந்த அன்று மாலை முழுவதும் அது ஒரே மூலையில் முன்னங்கால்களைக் கண்ணாடியில் ஊன்றி எழுந்து நின்று பிறாண்டிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து மறைவிடத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எடுத்து வெளியே வைத்தால் மீண்டும் அந்த மூலைக்கே போகிறது. வெள்ளரி, தக்காளி, ஆப்பிள் என மாற்றி மாற்றி வைத்தும் வாய் வைக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச ஆசைப்படுகிறார்கள். இது நோயா, புது இடத்து மிரட்சியா? வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

முதல் பதில்

தயவுசெய்து ஊட்டிவிட வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பதில் நோய்க்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெப்பமும் மறைவும் போதாத ஒரு விலங்கின் நடத்தைதான் தெரிகிறது. புது இடத்துக்கு வந்த ஆமை ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம் வரை சரியாகத் தீனி எடுக்காமல் இருப்பது வழக்கமே. ஆனால் அந்த நாட்களை வெறுமனே காத்திருந்து கழிக்கக் கூடாது.

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். ஆமைக்குத் தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் திறன் இல்லை. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் அதன் குடல் வேலை செய்யும், குடல் வேலை செய்தால்தான் பசி எடுக்கும். ஆகவே தீனியை மாற்றிப் பார்ப்பதற்கு முன் விளக்குக்கு நேர் கீழே, ஆமையின் ஓடு இருக்கும் உயரத்தில், வெப்பமானியை வைத்து அளவு எடுங்கள். தொட்டிச் சுவரில் ஒட்டிய வெப்பமானி சுவரின் சூட்டைத்தான் சொல்லும். வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கத்தில் 20 முதல் 24 டிகிரி என்று இரு வேறு நிலைகள் இருக்க வேண்டும்; சூடு போதும் என்று பட்டால் விலகிப் போக அதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? பகலில் 12 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.

புற ஊதா விளக்கைக் கண்ணாடிக்கு மேல் வைத்தால் அதனால் பயனில்லை. உடலில் டி3 வைட்டமின் உருவாகத் தேவையான பி வகைப் புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்துக் கொடுத்தாலும் எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஓடு மெத்தென்று ஆகிப் பின்னர் கோணிப்போகும். விளக்கை உள்ளே, அட்டைப்பெட்டியில் குறித்துள்ள தூரத்தில், குழல் வடிவில் வாங்கி மாட்டுங்கள். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர்வீச்சு நாளடைவில் குறைந்துவிடும் என்பதால், ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

மூலையைப் பிறாண்டுவதற்குக் காரணம் கண்ணாடி. அப்பால் இடம் தெரிகிறது, போக முடியவில்லை. எதிரில் இருப்பது சுவர் என்பது அதற்குப் புரிவதில்லை. இன்றைக்கே தொட்டியின் நான்கு பக்கமும் வெளிப்புறத்தில் பழுப்புத் தாளை ஓர் அடி உயரத்துக்கு ஒட்டிப் பாருங்கள், மாலைக்குள்ளேயே வேறுபாடு தெரியக்கூடும். பிறகு நிதானமாக, குறைந்தது நான்கடிக்கு இரண்டடி அளவில், மேலே திறந்த மரப்பெட்டி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

மரத்தூளையும் எடுத்துவிடுங்கள். அதன் தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும், தீனியோடு ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போகும். அதைவிட முக்கியம், அதில் வளை நிற்காது. மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளில் கொளுத்தும் கோடையையும் உறைய வைக்கும் குளிரையும் மண்ணுக்குள் புகுந்தே கடத்தும் இனம் இது. உரமும் பூச்சிமருந்தும் கலவாத மண்ணோடு தேங்காய் நார்த்தூளைச் சேர்த்து, அடிப்பகுதி லேசான ஈரத்துடன் இருக்கும்படி 15 செ.மீ. ஆழத்துக்காவது நிரப்புங்கள். அது தோண்டிப் புதைந்துகொண்டால் கலவரப்பட்டுத் தோண்டி எடுக்க வேண்டாம்.

ஆப்பிளும் தக்காளியும் இந்த இனத்துக்கு ஏற்றவை அல்ல. நார்ச்சத்து மிகுந்த இலைதழையைப் பின்குடலில் நொதிக்க வைத்துச் செரிக்கும் உயிருக்குப் பழச்சர்க்கரை வயிற்றைக் கெடுக்கும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. டான்டிலியன் என்ற மஞ்சள் பூக் களைச்செடியின் இலை, மல்பெரி இலை, செம்பருத்தியின் இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவற்றை மருந்து தெளிக்காத செடியிலிருந்து பறித்து வையுங்கள். செம்பருத்திப் பூவை மறுக்கும் ஆமையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடு ஒன்றை ஓரமாகப் போட்டுவைத்தால் வேண்டும்போது அதுவே கடித்துக்கொள்ளும்.

பிள்ளைகள் இரண்டு வாரங்களுக்குப் பார்த்து மகிழட்டும், எடுக்க வேண்டாம். மேலிருந்து இறங்கும் கையை அது பருந்தாகத்தான் எண்ணும். எப்போது தொட்டாலும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். நலமாக உள்ள ஆமையின் குடலிலும் சால்மோனெல்லாக் கிருமி இருக்கலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். விலங்கு மருத்துவமனையில் பணிபுரிபவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ரஷ்ய ஆமைகளில், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளில் இயற்கையிலிருந்து பிடித்து அனுப்பப்படுபவையும் உண்டு. நீண்ட பயணத்தில் நீர் வற்றி, குடற்புழுக்களோடு வந்து சேர்பவற்றைப் பார்க்கிறோம். எனவே நாள்தோறும் காலையில், அடியோடும் மேலோடும் சேரும் விளிம்பைத் தாண்டாத அளவு வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் நிற்க விடுங்கள். முதலில் தப்பிக்கப் பார்க்கும். பிறகு கழுத்தை நீட்டி மூக்குவரை நீரில் அமிழ்த்தும். அப்போது தொண்டை விட்டுவிட்டு அசைவதைக் கண்டால் அது நீர் குடிக்கிறது என்று பொருள். சிறுநீரோடு வெண்மையாக வெளிவருவதை விரலால் தேய்த்துப் பாருங்கள்: குழைவாக இருந்தால் நல்லது, மணல்போல் நெறுநெறுத்தால் உடலில் நீர் போதவில்லை. முதல் மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப் புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சோதிக்காமல் நீங்களாகப் புழு மருந்து கொடுக்கக் கூடாது. குறிப்பாக ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொன்றுவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூக்கில் குமிழி வருவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண் வீங்கி மூடியிருப்பது, கால்கள் தொய்ந்திருப்பது, எடை தொடர்ந்து இறங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ‘பழகிக்கொண்டிருக்கிறது’ என்று காத்திராமல் ஊர்வன மருத்துவம் அறிந்தவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள்.

ஆவணங்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். நிலத்தாமை இனங்கள் அனைத்தும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கைக்குள் வருபவை. சில இனங்களை வீட்டில் வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்குக்கு நேர் கீழே ஓட்டின் உயரத்தில் அளந்தபோது 26 டிகிரிதான் இருந்தது. விளக்கைத் தாழ்த்தி 34 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். தாள் ஒட்டிய பிறகு பிறாண்டல் வெகுவாகக் குறைந்துவிட்டது. மண் நிரப்பிய மறுநாள் வளையிலிருந்து தானாக வெளியே வந்து, கால்களைப் பின்னுக்கு நீட்டி வெயில் காய்ந்து, செம்பருத்தி இதழ் ஒன்றைப் பாதிவரை கடித்தது. மூக்கும் கண்ணும் தெளிவாக இருக்கின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வீட்டுத் தரையில் சிறிது நேரம் உலவ விடலாமா? குளிர்காலம் நெருங்குவதால் அதைக் குளிர்கால உறக்கத்துக்கு விட வேண்டுமா?

முதல் பதிலளித்தவர்

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. தரையில் விட வேண்டாம். வழவழப்பான குளிர்ந்த தரை உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும், கால் வழுக்கும், தலைமுடியும் நூலும் அதன் வாய்க்குள் போய்விடும். வெயிலுள்ள நாளில், வேலியிட்ட மண்தரையில், நிழலும் நீரும் வைத்து, கண் பார்வையிலேயே விடலாம்.

உறக்கத்தைப் பொறுத்தவரை இந்த ஆண்டு வேண்டாம். அது இயல்பாக உறங்கும் இனம்தான். ஆனால் முன்னர் எப்படி வளர்ந்தது, எவ்வளவு கொழுப்புச் சேர்த்திருக்கிறது, புழு உண்டா என்பவை தெரியாத ஆமையைப் பட்டினியாக மாதக்கணக்கில் குளிரில் விடுவது ஆபத்து. குளிர்காலத்திலும் அதே வெப்பத்தையும் 12 முதல் 14 மணி நேர வெளிச்சத்தையும் குறையாமல் கொடுங்கள். பெட்டி பகலிலும் 15 டிகிரிக்குக் கீழ் இறங்க விட்டால்தான் தொல்லை. அந்த இடைநிலையில் அது உறங்குவதும் இல்லை, உண்பதும் இல்லை, சேமிப்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும். அடுத்த ஆண்டு எடைக் குறிப்போடு மருத்துவரிடம் காட்டி முடிவெடுக்கலாம்.