தோட்டத்தை விட்டுப் போனால் மறியலா? எந்தச் சட்டத்தில்?

மஸ்கெலியா மகள்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவின் அப்பா தோட்டத்தை விட்டு ஓடிப் பிடிபட்டு மறியலில் (சிறையில்) இருந்தவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. களவு இல்லை, அடிதடி இல்லை, வேலையை விட்டுப் போனதற்கு மட்டும்தானாம். முதலாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது என்கிறார்கள். ஆனால் இலங்கையில் அடிமைமுறை 1844லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டதே? இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்த ஆளை எப்படி மறியலில் போட்டார்கள்? இல்லை, பெரியவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களா?

மாத்தளைக்காரன்:
கூட்டிச் சொல்லவில்லை தங்கச்சி. 1865ஆம் வருஷத்து 11ஆம் இலக்கச் சட்டம். முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனாலும், சொன்னதைக் கேட்காவிட்டாலும், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் எதிர்த்துப் பேசினாலும், குடித்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்தாலும் நீதவான் முன்னால் அது குற்றம், மூன்று மாசம் வரை மறியல். அதே சமயம் துரைமாருக்கு என்ன விதி தெரியுமா, 1889ல் வந்த சட்டப்படி ஒரு மாசச் சம்பளத்தை அந்த மாசம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும்!

சரி, முறையாக அறிவித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பிஜிக்குப் போனவர்களைப் போல நம்ம ஆட்கள் ஐந்து வருஷ ஒப்பந்தம் எழுதி வரவில்லை, மாசத்துக்கு மாசம்தான் ஒப்பந்தம், அதனால் இவர்கள் சுதந்திரமான தொழிலாளர் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டது. காகிதத்தில் சரிதான். ஆனால் ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வந்த பிறகு வாங்கிய அரிசி, கம்பளி எல்லாம் கடனாக ஏறி நிற்கும். கடன் தீராமல் துரை ஆளை விடமாட்டார். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். கங்காணியின் பெயர், அவன் கீழ் எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு ரூபாய் பாக்கி, இந்தப் பணத்தைக் கட்டுகிறவரிடம் இத்தனை பேரையும் விட்டுவிடுகிறேன் என்று துரை கையெழுத்துப் போட்ட கடுதாசி அது. புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். ஆனால் கட்டிய பணம் அப்படியே இவர்கள் தலையில் புதுக் கடனாக விழும், அதனால் எத்தனை தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வரும். சில கங்காணிமார் இதை வைத்தே சம்பாதித்தார்கள், கடனைக் கூட்டிப் போட்டு அதிகத் துண்டுக்கு ஆட்களை நகர்த்தியவர்களும் உண்டு. தலைக்காசு, பென்ஸ் காசு என்று கங்காணிக்கு ஆள் எண்ணிக்கைப்படி தனி வரும்படி வேறு.

வடமராட்சியான்:
மாத்தளை அண்ணை சொன்னது சரி. ஆனால் அடிமைமுறையையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமையில் (அந்த ஊர் வழக்கச் சட்டத்தில்) அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தாயின் எசமானுக்கே சொந்தம். வெள்ளைக்காரன் அதை உடனே ஒழிக்கவில்லை, அடிமைகளைப் பதிவு செய்யச் சொன்னான், 1816 ஆகஸ்ட் 12க்குப் பிறகு பிறக்கும் அடிமைப் பிள்ளைகள் சுதந்திரம் என்று பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்தில் உடைமையாளர்கள் சம்மதித்தார்கள். 1833ல் பிரித்தானியா கொண்டுவந்த பெரிய ஒழிப்புச் சட்டத்தில் இலங்கையை விலக்கிவைத்தார்கள், அது பலருக்குத் தெரியாது. தோட்டத்து ஆளை ஒருவரும் சொத்தாக எழுதி வைக்கவில்லை, பிள்ளைக்கும் அண்ணை சொன்ன 1865 சட்டத்தில் கட்டு இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, சட்டத்தில் கட்டு இல்லை, சரி. லயத்துக் காம்பராவில் (தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு அறையில்) இருக்க வேண்டுமென்றால் பிள்ளையும் கொழுந்துக்கோ புல்லுவெட்டவோ போகத்தான் வேண்டும், அதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேட முடியாது. இன்னொன்றும் பாருங்கள். 1840களில் கோப்பித் தோட்டங்கள் பெருகின, வேலைக்காரர் ஒப்பந்தத்தை மீறினால் குற்றம் என்ற முதல் சட்டம் 1841ல் வந்தது, அடிமைமுறை ஒழிந்ததற்கு மூன்று வருஷம் முன்னால். வாசலை மூடுவதற்கு முன்பே பக்கத்து வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

மகளே, உங்கள் கொள்ளுத்தாத்தா விஷயம் சரியான காலத்தில்தான் வருகிறது. துண்டையும் வேலையை விட்டதற்கான மறியலையும் 1921ஆம் வருஷத்து 43ஆம் இலக்கச் சட்டம்தான் எடுத்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் அதற்கு முன்பிருந்தே இதை எதிர்த்துப் பேசிவந்தார்கள், இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் இருந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927ல்.

மஸ்கெலியா மகள்:
ரொம்ப நன்றி சேர், அண்ணாமார். ஒரு சந்தேகம். அவர் பிடிபட்டது வேறொரு தோட்டத்தில் வேலை கேட்டுப் போன இடத்தில் என்கிறார் பெரியம்மா. அந்தத் தோட்டத்து ஆட்களே காட்டிக் கொடுத்தார்களாம். அவர்களுக்கு இதில் என்ன லாபம்?

மாத்தளைக்காரன்:
லாபம் என்று இல்லை, பயம். இன்னொரு தோட்டத்தில் கட்டுப்பட்டிருக்கிற ஆளைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் வைத்தவரும் அந்த 1865 சட்டத்தில் குற்றவாளி. துண்டு இல்லாமல் ஒருவர் படியேறினால் கணக்கப்பிள்ளை முதலில் கேட்பது எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்பதுதான். பெரியம்மாவிடம் அந்தக் கங்காணி பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பழைய செக்றோல் (ஆட்களின் பெயரும் வேலைக் கணக்கும் எழுதும் பதிவேடு) எங்காவது மிஞ்சியிருந்தால் ஆளைத் தேட அந்தப் பெயர்தான் உதவும்.