ஞாயிறு சைக்கிள் குரூப் ரைடு: மறுபடி தொடங்கலாமா, வேண்டாமா? (சென்னை, செப்டம்பர் 2020)

பெடல்பித்தன்: செப்டம்பர் 1-லிருந்து கொரோனாவுக்கான ஞாயிறு முழு ஊரடங்கு இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸும் வேண்டாம். சென்னை எல்லையான உத்தண்டியோடு திரும்ப வேண்டிய கட்டாயம் போச்சு. திருவான்மியூர்–மாமல்லபுரம் ரைடை ஆரம்பிக்கலாம் என்கிறேன். இருபது பேர் கூட்டமாக இல்லை. நாலு நாலு பேராக மூணு அணி, பத்து நிமிட இடைவெளியில் கிளம்பணும். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதிக்கும் அது ஒத்துவரும்.

ஒத்தைச்சக்கரம்: நாலு பேரானாலும் முன்னால் போறவர் சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் ஒட்டிக்கிட்டுத்தானே வருவீங்க? ஏப்ரலில் பெல்ஜியம், நெதர்லாந்து காற்றியக்க ஆய்வாளர்கள் போட்ட கணக்கு: மெதுவா ஓட்டினா 10 மீட்டர், வேகமா ஓட்டினா 20 மீட்டர் விடணும். 20 மீட்டர் தள்ளி வந்தா, முன்னவர் எதிர்காற்றைத் தடுத்துத் தர்ற காற்று மறைப்பே கிடைக்காது. அப்புறம் எதுக்குக் குரூப்? தனியாப் போங்க.

கிரீஸ்கை: கணக்கை முழுசாச் சொல்லுங்க சார். அது காற்று அசையாத நிலைக்குப் போட்டது. முன்னவர் எச்சில் துளி எவ்வளவு தூரம் வரும் என்று காட்டுதே ஒழிய, தொற்றுமா என்று சொல்லலை. ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) விடியற்காலைக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு. தெற்கே போகும்போது வலப்பக்கமிருந்து அடிக்கும். முன்னவர் மூச்சு இடப்பக்கம் பின்னால் ஒதுங்கும். பின்னால் வர்றவர் ஒரு கை அகலம் வலப்பக்கம் விலகி, மூணு பைக் நீளம் விட்டு வந்தால் போதும்.

ஒத்தைச்சக்கரம்: வலப்பக்கம் விலகினா பின்னால் வர்ற பஸ்ஸுக்கு யார் பதில் சொல்றது? அதோட, காற்று மறைப்பு கிடைக்கிற இடமும் அதே இடப்பக்கப் பின்புறம்தான். முட்டுக்காடு தாண்டி கால் சோர்ந்ததும் ஆள் தானாவே அங்கே போய் ஒட்டிக்குவார். விதி எழுதி வைக்கலாம். தொடைக்கு யார் படிச்சுக் காட்டுவா?

பெடல்பித்தன்: மாஸ்க்?

கிரீஸ்கை: ஓட்டும்போது வேண்டாம். உடற்பயிற்சியின்போது மாஸ்க் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே ஜூனில் சொன்னது. வியர்வையில் நனைஞ்சா மூச்சு இழுக்க முடியாது. ஜிப் கவரில் போட்டு ஜெர்சிப் பையில் வையுங்க. நின்ற உடனே மாட்டணும். உண்மையான ஆபத்து சேணத்தில் இல்லை, டீக்கடையில்தான்.

ஒத்தைச்சக்கரம்: அந்த ஒண்ணை ஒத்துக்கறேன். ஆனா உங்க பத்து நிமிட இடைவெளி ஒரே பஞ்சரில் காலி. டியூப் மாத்த பதினைஞ்சு நிமிஷம். பின்னால் வர்ற அணி வந்து நிக்கும், உதவறேன்னு நாலு தலை ஒரே சக்கரத்து மேலே குனியும்.

கிரீஸ்கை: அதனால்தான் பின்னால் வர்ற அணி நிற்கவே கூடாதுன்னு விதி. அதுக்கு ஒவ்வொருத்தரும் தன் கையை நம்பணும்: டியூப் ரெண்டு, டயர் கழற்ற லீவர் ரெண்டு, சின்ன பம்ப், 4, 5 எம்.எம். ஆலன் கீ, செயின் டூல், தன் செயினுக்குப் பொருந்தும் க்விக் லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கணு). 10 கியர் செயினின் லிங்க் 11 கியர் செயினுக்கு ஆகாது. கடன் வாங்கி மாட்டினா மேட்டில் அறுந்துரும்.

அதைவிடப் பெரிய தொல்லை, மார்ச்சிலிருந்து சும்மா நின்ற பைக். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்னா சக்கரத்தைக் காதருகே வெச்சுக் குலுக்குங்க. சளசளன்னு சத்தம் இல்லைன்னா சீலன்ட் (ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம்) காஞ்சு போச்சு. சென்னை வெயிலில் ரெண்டு மூணு மாசம்தான் தாங்கும். வால்வ் கோரை (வால்வின் உள்பாகம்) கழற்றி, 28 மி.மீ. அகல டயருக்கு 40 மில்லி ஊற்றுங்க. கோரிலேயே சீலன்ட் பிசின் மாதிரி அடைச்சிருந்தா பம்பின் அழுத்தமானி முள் ஏறும், டயரில் காற்று ஏறாது. பம்ப் மேல பழி போடாதீங்க. உப்புக் காற்றில் செயின் கணு இறுகியிருக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினா ஒரு கணு துள்ளும். எண்ணெய் விட்டு, ரெண்டு பக்கமும் அசைச்சு இளக்கி விடுங்க. இன்னொண்ணு: கை சானிடைசரை டிஸ்க் பிரேக் பக்கம் கொண்டுபோகாதீங்க. அதில் கிளிசரின் இருக்கும். பிரேக் பேடில் படிஞ்சா பிரேக் கத்தும், பிடிக்காது.

ஒத்தைச்சக்கரம்: பைக் தயார், சரி. மூணு அணியும் முட்டுக்காடு பாலத்தில் போட்டோவுக்கு நின்னா பன்னிரண்டு பேர் ஆச்சே?

பெடல்பித்தன்: திரும்புமிடத்தை மாத்திடலாம். முதல் அணி மாமல்லபுரம், ரெண்டாவது கோவளம் சந்திப்பு, மூணாவது முட்டுக்காட்டுக்கு முன்னாடியே திரும்பணும். எதிரெதிரே கடக்கும்போது கை அசைச்சுக்கலாம்.

ஒத்தைச்சக்கரம்: கை மட்டும். ஒருத்தர்கூட பிரேக் போடக்கூடாது. அப்படின்னா மூணாவது அணியில் என் பேரைப் போடுங்க; 20 மீட்டர் பின்னால் வருவேன்.