காபித்தூள்ல ஃபிலிம் கழுவுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, ஒரு லிட்டர் தண்ணிக்கு சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16, இன்ஸ்டன்ட் காபி 40ன்னு கலந்து எச்பி5 (கருப்பு வெள்ளை ஃபிலிம்) ஒரு ரோல் 15 நிமிஷம் டெவலப் பண்ணேன், படம் வந்திருக்கு ஆனா நெகட்டிவ் முழுக்க சாம்பல் மூட்டமா இருக்கு, ஓரத்துல இருக்குற ஃப்ரேம் நம்பர் கூட மங்கலாதான் தெரியுது. சூடுதான் காரணமா? 20 டிகிரி வேணும், மதுரை குழாய்த் தண்ணி தொட்டாலே வெதுவெதுன்னு இருக்கு, ஐஸ் தண்ணில டெவலப் பண்ற டேங்க வச்சும் 26 தான். அப்புறம் காபித்தூள்ல சிக்கரி இருக்கு, வேலை செய்யறது காபில உள்ள காஃபிக் ஆசிட்தானே, அப்போ சிக்கரி கலந்தா சக்தி குறையுமா? பொட்டாசியம் புரோமைடு 1 கிராம் போட்டா மூட்டம் அடங்கும்னு சொல்றாங்க, இங்க சில்லறையா எங்க கிடைக்கும்? அடுத்த ரோல்ல எங்க அப்பத்தாவோட கடைசி படங்கள் இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், அதுவரைக்கும் அத தொட மாட்டேன்.