'அலுக்பின்ரின்': யோருபா ஆமைக் கதையின் பின்பாட்டுக்கு உதவி தேவை

தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா ஆமைக் கதை ஒன்றைச் சிறுவர்களுக்கு வாய்விட்டுச் சொல்வதற்காகத் தமிழாக்குகிறேன். மனைவி கருத்தரிக்க பாபலாவோ (குறி சொல்லி மருந்தும் தருபவர்) கொடுத்த குழம்பை ஆமை இஜாபா வழியிலேயே குடித்துவிடுகிறது. வயிறு உப்பிப்போய், பாடிக்கொண்டே அவரிடம் திரும்பி ஓடுகிறது. உரைநடை முடிந்தது, பாட்டில்தான் சிக்கல்.

கதைசொல்லி ஒரு வரி பாட, கூட்டம் 'அலுக்பின்ரின்' என்று எதிர்ப்பாட்டு பாட வேண்டும். இங்கே சொல்லின் பொருளைவிட ஓசைதான் முக்கியம். அ-லு-க்பி-ரி என நாலு தட்டு. கடைசி இரண்டும் மூக்கொலி. 'க்ப' ஒரே ஒலி, உதடும் அடிநாக்கும் ஒன்றாகத் திறக்கும். (இஜாபாவின் 'பா'வும் உண்மையில் இதைப் போன்ற கூட்டொலிதான், அதை விட்டுவிட்டேன்.)

இதுவரை செய்து பார்த்தவை:
'அலுக்பின்ரின்' என்றே எழுதினால் அலுக்-பின்-ரின் என்று மூன்றாக உடைகிறது, தாளம் போச்சு.
'அலுபிரி': தாளம் சரி, மூக்கொலி இல்லை.
'ஏலேலோ': உடனே படகுப் பாட்டாகிவிடுகிறது.
'தந்தனத்தோம்': வில்லுப்பாட்டு வாசனை.
பின்பாட்டையே எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கதையில் வேலையே இல்லை.

நாலு தட்டும் மூக்கொலியும் கெடாமல், எட்டு வயதுப் பிள்ளை பார்த்ததும் சரியாகப் பாடும்படி இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதலாம்?