சத்திரசிகிச்சைக்குப் போகும் அம்மாவிற்குப் பிடித்த பாட்டுகளைக் கேட்கக் கொடுக்கலாமா?

மருதடியாள் எழுதியது:

வணக்கம் உறவுகளே. என்னுடைய அம்மாவிற்கு அறுபத்தெட்டு வயது. மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் யாழ் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடக்கும் என்றும், அதன் பின்னர் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தேற்றலும் (கீமோதெரபி) கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற வேண்டியிருக்கும் என்றும் வைத்தியர்கள் கூறியிருக்கிறார்கள். நோயைப் பற்றி அம்மா அதிகம் கேட்பதில்லை. ஆனால் ஊசி, சத்திரசிகிச்சைக் கூடம், தனி அறையில் படுத்திருப்பது என்ற பேச்சு வந்தாலே கைகள் குளிர்ந்துவிடுகின்றன. கிளினிக்கில் குருதி அமுக்கம் கூடியிருந்தபடியால், சற்று நேரம் இருக்கச் சொல்லி மறுபடியும் அளக்க வேண்டி வந்தது.

அம்மாவிற்கு வாழ்நாள் முழுவதும் வானொலியே துணை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கேட்ட பழைய திரைப்பாடல்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்து நாதஸ்வரம், கோயிலில் பாடும் தேவாரம் என எல்லாவற்றையும் விரும்பிக் கேட்பார். நோய்ப்படுக்கையில் சினிமாப் பாட்டு வேண்டாம், தேவாரம் மட்டும் போதும் என்று மாமா சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பியோ, நோயாளருக்கென்று தொகுத்த கருவியிசையை இணையத்திலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறான். அம்மா இரண்டையும் மறுக்காமல் கேட்கிறார், ஆனால் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பாட்டுக் கேட்பதால் உண்மையில் பயன் உண்டா, விடுதியில் அனுமதிப்பார்களா, எப்படித் தெரிவுசெய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கைதடி அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் நீண்ட காலம் சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். பயன் உண்டு என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட 73 பரிசோதனைகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தது. இசை கேட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வலியும் பதற்றமும் குறைந்திருந்தன, வலிமருந்தின் தேவையும் குறைந்திருந்தது. வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. ஆகவே இது வலிமருந்துக்கு மாற்றீடு அல்ல. வலித்தால் பாட்டைக் கேட்டுக்கொண்டு பொறுத்திருக்காமல் தாதியரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அம்மாவிற்கு இப்போதே சொல்லிவையுங்கள். எங்கள் பெண்கள் வலியைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள்.

உங்கள் அம்மாவிற்குப் பாட்டு மிகவும் தேவைப்படப்போவது சத்திரசிகிச்சை நடக்கும் நேரத்தில் அல்ல, அதற்கு முன்னர் காத்திருக்கும் நேரத்திலேதான். முதல் நாள் இரவிலிருந்து உணவில்லை, நகைகளைக் கழற்றியாயிற்று, பொய்ப்பற்கள் இருந்தால் அவையும் எடுத்தாயிற்று, உடுப்பும் மாற்றியாயிற்று, ஆனால் இடையில் அவசர நோயாளர் ஒருவர் வந்துவிட்டதனால் பட்டியல் தள்ளிப்போய், எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல் கட்டிலில் படுத்திருக்கும் அந்த மணித்தியாலங்களில்தான் மனம் நடுங்கும். அதற்கென்று பாட்டுகளைச் சேர்த்துவையுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரையில், விடுதிப் பொறுப்புத் தாதியிடம் முன்கூட்டியே கேளுங்கள். மயக்க மருந்து வைத்தியர் அம்மாவைப் பார்க்க வரும்போது அவரிடமும் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் நோய்தான், ஆகவே ஒலிபெருக்கி வேண்டாம்; இயர்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் பெயரைச் சொல்லி அழைக்கும்போது கேட்கும். பாட்டுகளைக் கைத்தொலைபேசியிலேயே பதிந்துவையுங்கள், விடுதிக்குள் இணையத்தை நம்ப முடியாது. கூடத்திற்குள் கொண்டுபோகும்போது கைத்தொலைபேசி உங்களிடம் வந்துவிடும். மயக்கம் தெளிந்து விடுதிக்குத் திரும்பிய பின்னர், அவர் கண் திறந்து உங்களை அடையாளம் கண்டபிறகு, மெல்லிய ஒலியில் மீண்டும் கொடுங்கள்.

இசை ஆசிரியர், அளவெட்டி எழுதியது:

தங்கையின் மாமாவுடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். தேவாரம் கேட்டு ஆறுதல் அடைபவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் ஆறுதல் தரும் பாட்டு எது என்பதை நோயாளர்தான் தீர்மானிக்க வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 373 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தமக்கு விருப்பமான இசையைத் தாம் விரும்பிய நேரத்தில் கேட்க விடப்பட்டவர்களுக்குப் பதற்றமும் அமைதிப்படுத்தும் மருந்தின் தேவையும் குறைந்தன. விருப்பமும் நேரமும் நோயாளரின் கையில் இருந்தன என்பதே எனக்கு அதில் முக்கியமாகப்படுகிறது. வைத்தியசாலைக்குள் போனவுடன் எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்று எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானிக்கிறார்கள். பாட்டையாவது அம்மாவின் கையில் விடுங்கள். இந்த நோய்க்கு இந்த இராகம் என்று இணையத்தில் பட்டியல்கள் உலாவுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இசை கற்பிக்கும் நான் அவற்றை நம்புவதில்லை.

நாதஸ்வரத்தைப் பற்றி ஒரு சொல். இணுவிலும் அளவெட்டியும் மேளத்திற்குப் பெயர்பெற்ற ஊர்கள். என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த ஒலி உயிரோடு கலந்தது. ஆயினும் அது திறந்த வீதிக்கான வாத்தியம். தவில் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனம் ஏற ஏற, கேட்பவரின் நாடியும் சேர்ந்து ஏறும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இசையின் வேகம் கூடும்போது சுவாசமும் இதயத்துடிப்பும் குருதி அமுக்கமும் கூடுவதைக் கண்டார்கள். இடையில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, அவை இசை தொடங்குவதற்கு முன்னிருந்த அளவையும் விடக் கீழே இறங்கின. ஆகவே தவில் சேராத இராக ஆலாபனைப் பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சிறிது மௌனம் விட்டுத் தொகுத்துக் கொடுங்கள். திரைப்பாடல்களிலும் மெதுவான தாளத்தில் அமைந்தவற்றை, தாலாட்டுகளைப் போல நீலாம்பரி இராகத்தில் அமைந்தவை இருந்தால் அவற்றையும், முன்னே வையுங்கள். இன்றிலிருந்தே நாள்தோறும் மாலையில் கண்மூடிச் சாய்ந்திருந்து கேட்கப் பழக்குங்கள், அப்போதுதான் வைத்தியசாலையில் முதல் அடி கேட்டவுடனேயே உடம்பு தளரும்.

பருத்தித்துறையிலிருந்து எழுதியது:

நான் அதே நோய்க்குச் சிகிச்சை பெற்று முடித்தவள். மருந்தேற்றலைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்து ஏறும் நாட்களில் குமட்டல் வரும். அந்த நேரத்தில் உள்ள மணம், உணவு, ஒலி எல்லாவற்றையும் உடம்பு குமட்டலோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும். சிகிச்சை முடிந்த பின்னரும் வைத்தியசாலை வாசலைக் கண்டாலே சிலருக்கு வயிற்றைப் பிரட்டுவது இதனால்தான். எனக்கு ஆலோசனை சொன்ன தாதி இதை விளங்கப்படுத்தி, உயிருக்கு நெருக்கமான பாட்டுகளை மருந்தேற்றும் கதிரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார். அதனால் அங்கே பிடித்தவை, ஆனால் பிறகு கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை என்ற வகைப் பாட்டுகளைக் கேட்டேன். என் திருமண நாளில் ஒலித்தவற்றை வீட்டில் வைத்துக்கொண்டேன். இன்றும் அவற்றை மகிழ்ச்சியோடு கேட்கிறேன். சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகள் செவிப்புலனைப் பாதிக்கக்கூடியவை என்பதால், எந்த மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டறிந்து, ஒலியை எப்போதும் குறைவாகவே வைத்திருங்கள்.

கதிர்வீச்சு அறையில் அம்மா தனியாகத்தான் படுத்திருப்பார், அது உண்மை. கையை உயர்த்தியபடி அசையாமல் இருக்க வேண்டும். பணியாளர் வெளியிலிருந்து கமெராவில் பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியில் பேசுவார்கள், ஆகவே காதை அடைக்கக் கூடாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறையில் மெதுவாகப் பாட்டுப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அம்மா மனத்துக்குள் ஒரு பாட்டைத் தொடங்கி முடிக்கட்டும். வாய்விட்டு முணுமுணுத்தால் மார்பு அசையும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் தோள் இறுகாமல் இருக்கக் கைப்பயிற்சி சொல்லித்தருவார்கள். அது வலிக்கும், சலிக்கும். ஒரு பாட்டு முடியும்வரை என்று வைத்துக்கொண்டு செய்ததில் எனக்கு இலகுவாக இருந்தது.

மருதடியாள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று அம்மாவிடமே கேட்டேன். மாமாவும் அருகில் இருந்தார். காலையில் தேவாரம், பிறகு தன் விருப்பம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார், மாமாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு தயக்கம். அம்மா முதலில் கேட்ட பாட்டு, தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் அண்ணா சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கி அம்மாவிற்குக் கேட்பித்தது. அண்ணா இப்போது எங்களோடு இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டால் அம்மா அழுவார். அதைச் சேர்ப்பதா, விடுவதா?

கைதடி அக்கா எழுதியது:

அம்மா கேட்டதை எடுத்துவிடாதீர்கள் தங்கச்சி. ஆனால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் நேரத்துத் தொகுப்பில் அதை வைக்க வேண்டாம். அழுகை வந்தால் சுவாசமும் அமுக்கமும் மாறும், அந்த நேரத்தில் ஆற்றுவதற்கு நீங்கள் பக்கத்தில் இல்லாமலும் போகலாம். இந்த வாரமே வீட்டில், அம்மா கேட்கும்போது கூட இருந்து அதைப் போடுங்கள். அண்ணாவைப் பற்றி அவர் பேச விரும்பினால் பேசவிடுங்கள். வைத்தியசாலையிலும் அது வேண்டும் என்று அதன் பின்னர் அவரே சொன்னால், சத்திரசிகிச்சை முடிந்து இரண்டொரு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், நீங்கள் அருகில் இருக்கும்போது கொடுங்கள். இயர்போனின் மற்றைய பக்கத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.