முட்டு நெஞ்சில, பயிற்சி துடைக்கு

கிளிநொச்சி முரசுமோட்டையில இருந்து எழுதுறன். அம்மாவுக்கு 67 வயசு. பீடி, சுருட்டுத் தொட்டதே இல்லை. அவவைப் பிடிச்சது விறகுப் புகை. ஊரில குசினி, பிறகு விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு இடம்பெயர்ந்த இடமெல்லாம் தறப்பாளுக்குள்ள பச்சை விறகு. கிளினிக்கில ஊதிப் பாத்திட்டு, மூச்சுக்குழாய் நிரந்தரமா ஒடுங்கிப்போன வருத்தம் (COPD) எண்டிச்சினம்.

வாயில இழுக்கிற மருந்துப் பம்ப் ஒழுங்கா அடிப்பா. எண்டாலும் கிணத்தடிக்குப் போய் வரேக்க ரெண்டு தரம் இருந்து இளைப்பாறுவா. கக்கூசில குந்தினா கதவுக் கொண்டியைப் பிடிச்சுத்தான் எழும்புவா. ஒருநாள் கொண்டி கழண்டு கையோட வந்திட்டுது. அண்டைக்குத்தான் நான் பயந்தது.

அடுத்த கிளினிக்கில பிசியோ மிஸ் அம்மாவைக் கதிரையில இருத்தி, கையைக் குறுக்கே கட்டச் சொல்லி, ஒரு நிமிசத்தில எத்தினை தரம் எழும்பி இருக்கிறா எண்டு எண்ணினா. 9 தரம். மூச்சு முட்டுக்குப் பயந்து இருந்த இடத்தில இருக்க இருக்கத் துடைத் தசை கரையுமாம். கரைஞ்ச தசை சின்ன வேலைக்கே அமிலத்தைக் கூட்ட, அதுக்கு இன்னும் மூச்சு வாங்குமாம். அதுவரைக்கும் அம்மாவை அசைய விடாமல் வாளித் தண்ணி தூக்கிக் குடுத்தது நான்தான். நல்லது செய்யிறன் எண்டுதான் நினைச்சனான்.

அந்த எழும்பி இருக்கிறதையே பயிற்சியாத் தந்தா. கதிரையைச் சுவரோட அண்டி வைச்சு, எழும்பேக்க மூச்சை வெளிய விட வேணும். அம்மாவுக்கு அது பிடிபடேல்ல. பக்கத்து வீட்டு ஆச்சிதான், "அடுப்பு ஊதிற மாதிரி வாயைக் குவியும் பிள்ளை, ஆனா ஆறுதலா" எண்டா. அடுத்த தரமே சரியா வந்திட்டுது.

கிழமைக்கு 3 நாள், இடையில ஒருநாள் ஓய்வு. மூண்டாம் கிழமை சீலைத் துண்டில அரைக் கிலோ மணல் கட்டிக் கணுக்காலில போட்டு, இருந்தபடி காலை நீட்டி மெதுவா இறக்கினா. மூச்சு முட்டுக்கு 10க்குப் புள்ளி போட்டா, 4, 5 வரைக்கும் வரலாம். அம்மாவுக்கு விரலில மாட்டி ரத்தத்தில ஒட்சிசன் பாக்கிற மெசின் 88க்குக் கீழ போனா நிப்பாட்டச் சொன்னவை. நெஞ்சு நொந்தாலும் தலை சுத்தினாலும் அப்பிடித்தான்.

8 கிழமையில 14 தரம் எழும்பினா. ஊதிப் பாத்த கணக்கு அப்பிடியேதான், அது மாறாது எண்டு முதலே சொன்னவை. ஆனா கிணத்தடிக்கு இடையில இருக்காமல் போய் வாறா.

மாங்குளத்தில இருந்து:
அப்பா நெல்லு மில்லில நிண்டவர். அவருக்கும் இதே வருத்தம், முழங்கால் நோவும் இருக்கு. கதிரையில இருந்து எழும்பவே ஏலாது. என்ன செய்யலாம்?

முரசுமோட்டை:
கதிரையில ரெண்டு தலகாணி போட்டு உயர்த்துங்கோ. அம்மாவும் அப்பிடித்தான் தொடங்கினவ, பிறகு ஒண்டு ஒண்டா எடுத்தம். முதல் தரம் பிசியோ முன்னால செய்யட்டும். ஒண்டு சொல்ல மறந்திட்டன். போன மாசம் சளிக்காய்ச்சலில அம்மா 10 நாள் படுத்திட்டா, 14 திரும்ப 10 ஆயிட்டுது. அழுதவ. இப்ப தலகாணியோட அஞ்சில இருந்து தொடங்கியிருக்கிறம்.